இடது கைப் பிடி

எம்மெட், ஐடஹோ
மே 28, 2019

டேல்,

இந்தப் பொட்டலத்தைப் பிரித்ததுமே நீ தூக்கி எறியப் பார்ப்பாய். எறிவதற்கு முன்னால் கடிதத்தையாவது படித்துவிடு. உள்ளே இருப்பது துப்பாக்கி இல்லை. குழல் இல்லை, விசை இல்லை, மேலே முன்னும் பின்னும் நகர்கிற ஸ்லைடு இல்லை. கையில் பிடிக்கிற பிளாஸ்டிக் கூடு மட்டும்தான். தபால் அலுவலகத்துப் பெண் "பொம்மையா?" என்று கேட்டுவிட்டு முத்திரை குத்தினாள். இதனால் யாரையும் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டு வருடத்தில் எத்தனை தடவை போன் செய்திருப்பேன்? ஒரு தடவையாவது எடுத்தாயா? இந்த மீன் தொழிற்சாலை முகவரியை உன் பழைய முதலாளியிடம் கெஞ்சி வாங்கினேன். அக்கா இருக்கிறாளா செத்தாளா என்று கேட்காத தம்பி உலகத்திலேயே நீ ஒருத்தன்தான். சரி, திட்டுவதற்காக எழுதவில்லை.

நான் மறுபடியும் சுடுகிறேன். குளிர்காலம் முடிந்ததும் ஆரம்பித்தேன். சுடுதளத்துப் பொறுப்பாளர் ஆர்வில் என்னைப் போட்டியில் சேர்க்க மாட்டேன் என்கிறார். "சுண்டு விரல் இல்ல, மோதிர விரல் மடங்க மாட்டேங்குது. துப்பாக்கி உன் கைய விட்டுப் பறந்தா யார் மேல போய் முடியும்? நீ மார்க் எழுதும்மா ரோண்டா. நிழல்ல நாற்காலி போட்டுத் தர்றேன்" என்கிறார். நாற்காலியாம்! எட்டு வருடம் இந்த மாவட்டத்தில் என்னை ஜெயிக்க ஒரு பெண் கிடையாது, எனக்கு நாற்காலி! கத்தினேன். கடைசியில் ஒரு நாள் கொடுத்திருக்கிறார். ஆகஸ்ட் 17. அவர் கண் முன்னால் அறுபது தோட்டா சுட வேண்டும். இடது கை ஒரே ஒரு தடவை துப்பாக்கியை விட்டு விலகினாலும் அதோடு சரி. ஆயுசுக்கும் மார்க் எழுதலாம்.

விலகுகிறது டேல். நாலாவது தோட்டாவிலேயே விலகிவிடுகிறது. துப்பாக்கி துள்ளி இறங்கும்போது பார்த்தால் வலது கை தனியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இடது கை காற்றில் நிற்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. காபிக் கோப்பையைத் தூக்கினால்கூட விட்டுவிடுவேனோ என்று பார்த்துக்கொண்டே தூக்குகிறேன்.

இந்த வழவழப் பிளாஸ்டிக்கில் சூடு வைத்துச் சொரசொரப்பாக்க உன்னைப் போல ஆள் இந்தப் பக்கம் இல்லை. இடது உள்ளங்கை அழுந்துகிற இடத்தில் புள்ளி வைத்துக் கொடு. விசையைச் சுற்றியிருக்கிற காப்பு வளையத்துக்கு அடியில் கொஞ்சம் குடைந்தால் கை இன்னும் மேலே ஏறும். உனக்குத் தெரியாததா?

அப்பாவிடம் சொல்லவில்லை. உன் பெயரை எடுத்தாலே தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறார்.

ரோண்டா


நாக்னெக், அலாஸ்கா
ஜூன் 11

அக்கா,

பொட்டலம் வந்து நாலு நாள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பக்கத்துக் கட்டில்காரன் டவீட்டா, சமோவா தீவுக்காரன், மலை மாதிரி இருப்பான். "என்னடா, பாம்பா வச்சிருக்க? பெட்டியத் தாண்டித் தாண்டிப் போற?" என்று சிரித்தான். இன்று பிரித்தேன். பிரித்ததும் என்ன செய்தேன் தெரியுமா? தோட்டா அறையே இல்லாத அந்தக் கூட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மூன்று தடவை. டவீட்டா சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

என்னால் முடியாது. கோபப்படாதே.

உனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டியதில்லை. வண்டிக் கொட்டகை, நீ இடது கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய், உன் பழைய துப்பாக்கி என் கையில். விசையை ஒரு தடவை இழுத்தால்தான் அது பாகம் பாகமாகக் கழலும். இழுத்தேன். அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் உள்ளே பார்த்துவிட்டுத்தான் இழுப்பேன், அன்றைக்குப் பார்க்கவில்லை. அதைக்கூட எப்படியோ முழுங்கிவிட்டேன். அந்தத் தோட்டா உள்ளே எப்படி வந்தது என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை. மேசையில் என் தோட்டாக்களும் கிடந்தன. நானே ஏதோ நினைப்பில் போட்டேனா? போட்டிருந்தால் ஏன் துளிகூட ஞாபகம் இல்லை? என் மண்டையை என்னாலேயே நம்ப முடியவில்லை அக்கா. அடுப்பை அணைத்தேனா என்று ஏழு தடவை பார்க்கிறேன். இங்கே மீன் அறுக்கும் கத்தியை உறையில் போட்டுவிட்டு, போட்டேனா என்று மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தே ஒரு தடவை விரலை வெட்டிக்கொண்டேன்.

போயிசி நகரத்தில் இந்த வேலைக்கு நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடு. கொடுப்பதற்கு முன்னால் ஒன்று செய். பிடியில் வெள்ளைத் துணி டேப்பைச் சுற்று. உள்ளங்கையில் உதட்டுச்சாயம் பூசிக்கொள். காலித் துப்பாக்கியை அழுத்திப் பிடித்து ஐந்து எண்ணிவிட்டுக் கையை எடு. பிறகு புது டேப் சுற்றி, புதுச் சாயம் பூசி, ஐந்து தோட்டா சுட்டுவிட்டு எடு. இரண்டு தடங்களையும் வேலை செய்பவனிடம் காட்டு. கை எங்கே அழுந்துகிறது என்று தெரியாமல் புள்ளி வைப்பவன் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்கிறான்.

நீ எப்படி மறுபடியும் அதைக் கையில் எடுத்தாய்? எனக்கு அது மட்டும் புரியவில்லை.

டேல்


எம்மெட்
ஜூன் 24

டேல்,

உன் போயிசி வாழ்க! இன்னொரு கூடு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாடியைத் தடவிக்கொண்டு "கவலையே படாதீங்க மேடம்" என்றான் அந்த மகராசன். கேரட் சீவுகிற தகடு மாதிரி செய்து கொடுத்திருக்கிறான். முதல் நாளே தழும்பின் மேல் தோல் உரிந்து ரத்தம். அது போதாதென்று சூட்டை ஏற்றி உள்சுவரையும் உப்ப வைத்துவிட்டான். பொத்தானை அழுத்தினால் தோட்டா அடுக்குகிற மேகசின் கீழே விழாமல் சிக்கிக்கொள்கிறது. பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கிறது. கேட்டால், "உங்க கை அப்படி மேடம்" என்கிறான். என் கை எப்படியடா மேகசினைப் பிடித்து வைக்கும்?

தடம் இரண்டையும் அவனிடம் காட்டவில்லை. உனக்கே அனுப்புகிறேன். நீலப் பேனாவால் குறி போட்டது காலித் துப்பாக்கி. கறுப்புக் குறி சுட்டது. ஒரு முழு உதட்டுச்சாயம் காலி. அதற்குப் பதில் வாங்கித் தருவது உன் பொறுப்பு.

எப்படி எடுத்தாய் என்று கேட்டாய். இந்தத் துப்பாக்கி விசையை இழுக்காமலே கழலும், அதனால்தான் இதை வாங்கினேன். வேறு எதையும் இப்போது கேட்காதே. எடுத்தேன், அவ்வளவுதான். சுடாமல் இருந்தபோது நான் யார் என்றே தெரியாமல் போய்விட்டது. நம் தோட்டத்தில் செர்ரி பறிக்கிற கூலிப்பெண்கள்கூட "பாவம், அந்தக் கை" என்கிறார்கள். நான் "கை" ஆகிவிட்டேன்.

பிடியைப் பலப்படுத்துகிற கைப்பயிற்சிக் கருவி வாங்கித் தினம் நூறு தடவை அழுத்துகிறேன். மூன்று விரலுக்கும் பலம் ஏறியிருக்கிறது. ஊறுகாய் பாட்டில் மூடியை இடது கையாலேயே திறக்கிறேன். அப்புறமும் சுடும்போது விடுகிறது. நேற்று மூன்றாவது தோட்டாவில் விட்டது. துப்பாக்கி வலது கையில் திரும்பி, குழல் எங்கேயோ பார்த்தது. யாரும் பக்கத்தில் இல்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் எட்டு வாரம் இல்லை டேல். கெஞ்சுகிறேன். செய்து கொடு.

அக்கா


நாக்னெக்
ஜூலை 9

அக்கா,

மீன் குவிகிற சமயம். பதினாறு மணி நேர வேலை. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

செய்துவிட்டேன். இதோடு வருகிறது. தொழிற்சாலை எலக்ட்ரீஷியனிடம் கம்பி பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் கடன் வாங்கி, சாப்பாட்டு இடைவேளையில் ஆறு நாள். உள்ளே மரக்கட்டை செருகிவிட்டுத்தான் சூடு வைத்தேன். மேகசின் சிக்காது. தழும்பு படுகிற இடத்தில் புள்ளிகளின் முனையை மழுக்கியிருக்கிறேன். கட்டைவிரலின் அடிச்சதை அழுந்துகிற இடத்தில் மட்டும் கூர்மை. இங்கே மீன் எண்ணெயைக் கையில் பூசிக்கொண்டு பிடித்துப் பார்த்தேன், நழுவவில்லை. முதல் நாள் அயர்னைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தேன். டவீட்டா என் எதிரில் உட்கார்ந்துகொண்டு, "பிளாஸ்டிக்டா அது, வெறும் பிளாஸ்டிக்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஆனால் அக்கா, இந்த வேலை உனக்கு உதவாது. அதைச் சொல்லாமல் அனுப்பினால் நான் ஏமாற்றுக்காரன்.

தடங்களைப் பார். நீலக் குறியில் சாயம் கெட்டியாகப் பதிந்திருக்கிறது. மூன்று விரலும், உள்ளங்கை முழுதும். இது பலமில்லாத கை இல்லை. கறுப்புக் குறியில் ஒன்றுமே இல்லை. லேசாகத் தொட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. துப்பாக்கி துள்ளி உன் பிடியைப் பிடுங்கியிருந்தால் சாயம் இழுபட்டிருக்கும், கோடு கோடாகத் தெரியும். ஒரு கோடுகூட இல்லை. வெடிப்பதற்கு முன்பே நீயே கையைத் தளர்த்துகிறாய். துப்பாக்கி உன் கையை விடவில்லை, உன் கைதான் துப்பாக்கியை விடுகிறது.

இதற்குச் சொரசொரப்பு மருந்தில்லை. எதற்குப் பயப்படுகிறாய்? வலிக்கா? சத்தத்துக்கா? இல்லை, துப்பாக்கி என்றாலே என் முகம் ஞாபகம் வருகிறதா? என்னால்தான் என்றால் மறைக்காமல் சொல்லிவிடு. நான் ஐடஹோ பக்கமே வராமல் இருந்துவிடுகிறேன். அது எனக்குப் பழகிவிட்டது.

அந்தத் தடத்தில்தான் உன் கையை முதல்முறை பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருந்தார்கள். மூன்று விரல் தடம். பார்த்துவிட்டு வேலைக்குப் போக முடியவில்லை.

டேல்


எம்மெட்
ஜூலை 22

டேல்,

கூடு வந்தது. மாட்டிப் பிடித்தேன். கை வைத்த இடத்தில் கை நிற்கிறது. எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறாய். அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபால்பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

உன் மண்டையில் கோளாறு இல்லை. நீ அந்தத் தோட்டாவைப் போடவில்லை. நான் போட்டேன்.

அன்று காலையில் கோழிக் கூண்டைச் சுற்றி ஒரு ஓநாய்க்குட்டி மாதிரி ஏதோ திரிந்தது. மேகசினைச் செருகி, ஸ்லைடை இழுத்து, தோட்டாவை ஏற்றிக்கொண்டு ஓடினேன். அது போய்விட்டது. திரும்பி வந்து மேகசினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அறைக்குள் ஏறிய தோட்டா அங்கேயே இருக்கும் என்பது பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எட்டு வருடம் ஜெயித்தவளுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் கொட்டகையில் நீ என்னைக் கேட்டாய்: "காலியாக்கா?" நான் சொன்னேன்: "காலிதான், பார்த்துட்டேன்." நான் பார்க்கவில்லை டேல். அதனால்தான் நீயும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்தபோதே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அப்பா கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "யாரு தோட்டா போட்டது? அவன்தானே?" என்றார். "தெரியலப்பா" என்றேன். மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் அப்பா உன்னை வாசலிலேயே நிறுத்தி, "இனி இவன் கையில ஒரு ஆணியக்கூடக் கொடுக்காதீங்க" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. நீ ஊரை விட்டே போய்விட்டாய்.

விசையில் விரல் வைக்கும்போதெல்லாம் "காலிதான், பார்த்துட்டேன்" என்கிற என் குரல் எனக்கே கேட்கிறது. அப்போதுதான் இடது கை விடுகிறது. நீ சாயத்தில் கண்டுபிடித்தது சரி.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

ரோண்டா


நாக்னெக்
ஆகஸ்ட் 3

ரோண்டா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கரையில் நடந்தேன். மறுநாள் வேலையில் கவனம் இல்லை என்று மேஸ்திரி என் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கிவிட்டு ஐஸ் அள்ளப் போகச் சொல்லிவிட்டார்.

இரண்டு வருடம்! நான் பைத்தியம் ஆகிக்கொண்டிருக்கிறேன் என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே ஒருத்தி இருந்தாள். நல்ல பெண். பிள்ளை பிறந்தால் அதைத் தூக்கி எங்கேயாவது வைத்துவிட்டு மறந்துவிடுவேன் என்கிற பயத்தில் அவளைப் போகச் சொல்லிவிட்டேன். உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே ஊறுகாய் பாட்டில் திறந்துகொண்டிருந்தாய்.

யார் என்ன சொன்னாலும், கையில் வைத்திருப்பவன் தானே பார்க்க வேண்டும். நமக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்ததே அதுதான். நான் பார்க்கவில்லை. அது என் பங்கு, அதை யாருக்கும் தர மாட்டேன். தோட்டா உன் பங்கு. அதை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடு. நான் சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறேன் என்பார்.

கூட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம். மன்னிப்பைப் பற்றி இப்போது என்னிடம் பேசாதே.

டேல்


எம்மெட்
ஆகஸ்ட் 18

டேல்,

சொல்லிவிட்டேன்.

நேற்று காலை. நாலைந்து நாளாகச் சொல்ல முயன்று முடியாமல், கடைசியில் சுடுதளத்துக்குப் போகிற வழியில் வண்டியிலேயே சொன்னேன். அப்பா என் கூட வருகிறேன் என்று தானாகவே கிளம்பியிருந்தார். நான் மறுபடி சுடுவது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு ஆர்வில் வாய அடைச்சிரு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். காலி என்று சொன்னதையும், ஆஸ்பத்திரியில் தெரியாது என்று சொன்னதையும்.

வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில், "நிறுத்து" என்றார். நிறுத்தினேன். இறங்கினார். கதவை மெதுவாகச் சாத்தினார். வந்த வழியே நடக்க ஆரம்பித்தார். எழுபத்தொரு வயது, வீட்டுக்கு நாலு மைல், அந்த வெயிலில். "அப்பா, ஏறுங்கப்பா" என்று பின்னாலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். திரும்பியே பார்க்கவில்லை. கடைசியில், "போ. நேரமாவுது" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

போனேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். உண்மையைச் சொல்லிவிட்டேனே, இனி கை பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். மனதில் இருந்ததை இறக்கிவிட்டேன், இனி என்ன பயம் என்று. பத்து தோட்டா நின்றது. பத்தும் நடுவில். ஆர்வில் தலையாட்டினார். பதினொன்றாவதில் விட்டது. பிளாஸ்டிக் நழுவவில்லை, உன் வேலையில் குறை இல்லை. நான்தான் விட்டேன். துப்பாக்கி கீழே விழவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆர்வில் என் தோளைத் தொட்டு, "போதும் ரோண்டா. காலி பண்ணிக் காட்டும்மா" என்றார். காட்டினேன். அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். நான் மட்டும் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர்தான் என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

முடிந்தது. அடுத்த சனிக்கிழமை முதல் நான் மார்க் எழுதுகிறேன்.

அப்பா வீட்டில் இருக்கிறார். கால் கொப்பளித்திருக்கிறது. மருந்து போடப் போனேன், காலை இழுத்துக்கொண்டார். சமைத்து வைத்தால் சாப்பிடுகிறார், பேசுவதில்லை. உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. இந்த வீட்டில் நடக்கவே பயமாக இருக்கிறது. உனக்கு இரண்டு வருடம், எனக்கு இன்றைக்குத்தான் இரண்டாவது நாள்.

ரோண்டா


நாக்னெக்
ஆகஸ்ட் 29

அக்கா,

நேற்று அலுவலகத்துப் பெண் ஐஸ் கிடங்குக்கே ஓடி வந்து, "உனக்கு போன், வயசானவர் குரல்" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். நீ ஏதாவது செய்துகொண்டுவிட்டாய் என்று. நான் எழுதிய கடைசிக் கடிதம்தான் கண்ணில் வந்தது. ஈரக் கையுறையைக்கூடக் கழற்றாமல் ரிசீவரைப் பிடித்தேன்.

 மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. "அப்பா, அக்காவுக்கு என்னாச்சு? சொல்லுங்கப்பா" என்று கத்தினேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

"அவளுக்கு ஒண்ணுமில்ல. மேட்டுத் தோட்டத்துல மரத்துக்கு மருந்தடிக்கிறா" என்றார்.   கையுறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

அப்புறம் கேட்டார்: "உன் கை எப்படிடா இருக்கு?"

இரண்டு வருடத்தில் யாரும் என் கையைக் கேட்டதில்லை. "நல்லாத்தாம்ப்பா இருக்கு" என்றேன். அது பொய். மேஸ்திரி இன்னும் அந்தக் கையில் கத்தியைத் தரவில்லை. "சரி" என்று வைத்துவிட்டார்.

வா என்று அவர் சொல்லவில்லை. இருந்தாலும் டிக்கெட் எடுத்துவிட்டேன். செப்டம்பர் 6, மதியம் இரண்டரை மணிக்குப் போயிசியில் இறங்குகிறேன். கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அதுவும் இன்னொரு "பார்த்துட்டேன்" ஆகிவிடும். வருவதற்குப் பயமாகவும் இருக்கிறது.

விமான நிலையத்துக்கு நீ மட்டும் வா. அப்பாவை அழைத்து வராதே. உன் கையை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. அவர் முன்னால் என்னால் பார்க்க முடியாது.

தம்பி
டேல்